சம்பளம் தள்ளிப்போகும் காலத்தில் கல்லூரி ஆபீஸ் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தைச் சுற்றியுள்ள சுயநிதிக் கல்லூரிகளில் ஆபீஸ் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்பவர் ஓமலூர்க்காரரோ ஆத்தூர்க்காரரோ, கேள்வி மட்டும் மாறுவதில்லை. போனில் ஒவ்வொருவருக்காகச் சொல்லி மாளாததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. நான் வக்கீல் இல்லை. ஃபீஸ் கவுன்ட்டரிலும் எஸ்டாப்ளிஷ்மென்ட் (பணியாளர் விவகாரம்) சீட்டிலும் உட்கார்ந்து பழகியவள். அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரிப் பணியாளர்களுக்கு வேறு விதிகள் உண்டு. இது சுயநிதிக் கல்லூரிக்காரர்களுக்கு.

அக்கா, புதுசா சேர்ந்திருக்கேன். ரசீது போடுறதுதான் வேலைன்னாங்க. இப்ப எல்லா வேலையும் என் தலையில விழுது. இது சரியா?

நல்ல காலத்தில் ஆபீஸில் சீட்டுக்கு ஒரு ஆள் இருப்பார். ஃபீஸுக்கு ஒருவர், ஸ்காலர்ஷிப்புக்கு ஒருவர், போனஃபைட், டி.சி., பஸ் பாஸுக்கு ஒருவர், சம்பளப் பட்டியலுக்கு ஒருவர், பல்கலைக்கழகத் தபாலுக்கு ஒருவர். காசு இறுகும்போது முதலில் குறைவது இந்த நாற்காலிகள்தான். வாத்தியார் எண்ணிக்கைக்காவது விதி இருக்கிறது. ஆபீஸ் ஆட்களைக் குறைத்தால் எந்த இன்ஸ்பெக்‌ஷனிலும் பெரிதாகக் கேட்பதில்லை.

வேலையை எடுத்துச் செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் எந்தெந்த சீட் உங்களிடம் வந்தது, எந்தத் தேதியில் வந்தது, எந்தப் பதிவேடு எந்தப் பக்கம் வரை எழுதப்பட்டு உங்கள் கைக்கு வந்தது என்று ஒரு ஆபீஸ் ஆர்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பிரின்சிபால் தரவில்லை என்றால் நீங்களே ஒரு குறிப்பு எழுதி, 'பார்த்தேன்' என்று கையெழுத்து வாங்குங்கள். பழைய ரசீதுப் புத்தகத்தில் இரண்டு தாள் காணோம் என்று பின்னாளில் ஆடிட்டர் கேட்கும்போது அந்த ஒற்றைத் தாள் பேசும்.

நல்லா ஓடிட்டிருந்த காலேஜ்தானே? திடீர்னு ஏன் காசே இல்லங்கறாங்க?

திடீர் என்று எதுவும் இல்லை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் மட்டுமே 500க்கு மேல் இருந்தன. அத்தனை சீட்டுக்கும் பிள்ளைகள் இல்லை. 2024-25 முதல் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ. ஒரு பாடப்பிரிவுக்கு இவ்வளவு சீட் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. பெயர் பெற்ற கல்லூரிகள் கம்ப்யூட்டர் பிரிவில் செக்‌ஷன் மேல் செக்‌ஷன் சேர்த்துக்கொண்டன. சிறிய கல்லூரிகளில் மெக்கானிக்கலும் சிவிலும் காலியாகக் கிடக்கின்றன. பஸ் டியூவும் கட்டடக் கடனும் பிள்ளைகள் குறைந்தார்கள் என்று குறையப் போவதில்லை.

பணம் வருகிற நேரமும் ஒரு காரணம். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருகிற பிள்ளைக்கு அரசே கட்டணம் கட்டுகிறது. முதல் பட்டதாரிச் சலுகைக்கும் அரசுதான் ஈடு செய்கிறது. நல்ல திட்டங்கள், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பாடம் ஜூலை, ஆகஸ்டில் தொடங்கிவிடும், பணம் பின்னால்தான் வரும். ஆதிதிராவிடருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு 2021-22 முதல் நேராக மாணவர் வங்கிக் கணக்குக்கே போகிறது. அந்தப் பணம் கல்லூரிக்கு வந்து சேர்வது வீட்டுச் சூழ்நிலையைப் பொறுத்தது. இதையெல்லாம் கணக்கில் வைக்காமல் செலவு செய்த நிர்வாகம்தான் மாதக் கடைசியில் உங்களிடம் "காசு இல்லை" என்கிறது.

சம்பளம் இந்தத் தேதிக்குள்ள குடுக்கணும்னு சட்டம் இருக்கா, இல்ல அவங்க இஷ்டமா?

இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும். பழைய சட்டத்தில் குறிப்பிட்ட சம்பளத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் என்று வரம்பு இருந்தது. இப்போது அந்த வரம்பு இல்லை. வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாட்களுக்குள் தர வேண்டும்.

சட்டம் இருப்பதும் சம்பளம் வருவதும் ஒன்றல்ல என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்கும்போது கெஞ்சுகிற குரலில் கேட்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

"இப்ப பாதி வாங்கிக்கோங்க, அட்மிஷன் முடிஞ்சதும் மீதி"ங்கறாங்க. ஒத்துக்கலாமா?

வேறு வழியில்லாமல் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொண்டாலும் அக்விட்டன்ஸ் ரிஜிஸ்டரில் (சம்பளம் வாங்கியதற்குக் கையெழுத்திடும் பதிவேடு) முழுச் சம்பளம் என்று எழுதியிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கைக்கு வந்த தொகையை எழுதி, "மீதி பாக்கி" என்று பக்கத்தில் குறித்துக் கையெழுத்திடுங்கள். இதை ஆரம்பத்திலேயே சிரித்த முகமாகச் செய்துவிட்டால் பழகிவிடும். ஆறு மாதம் கழித்துச் செய்தால் சண்டை போல ஆகிவிடும்.

முடிந்தவரை வங்கி வழியாகவே வாங்குங்கள். கையில் கவரில் தரும் சம்பளத்துக்கு எதிர்காலத்தில் சாட்சி கிடையாது. இன்னொன்று: பாதிச் சம்பளம் என்பது சம்பளத்தை மாற்றுவது அல்ல, தள்ளி வைப்பது. "இனி உங்கள் சம்பளம் இவ்வளவுதான்" என்று புதிய ஆர்டர் நீட்டினால் அது வேறு விஷயம். அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், அதே நாற்காலியில் உட்கார்ந்து வேண்டாம். பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை) எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் ஓடும்.

பி.எஃப். பிடிக்கறாங்க. ஆனா கட்டறாங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கல்வி நிறுவனங்கள் 1982லேயே பி.எஃப். சட்டத்துக்குள் வந்துவிட்டன. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் கட்டாயம். உங்கள் பங்கு 12 சதவீதம், கல்லூரியின் பங்கு 12 சதவீதம். கல்லூரிப் பங்கில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகும், அதற்கு 15,000 ரூபாய் சம்பளம் வரைதான் கணக்கு. ஒவ்வொரு மாதத் தொகையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும்.

பார்ப்பது எளிது. யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண்ணை வைத்து அரசின் உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறங்கள். மாதா மாதம் வரி வரியாக இருக்கும். எந்த மாதம் விட்டுப்போயிருக்கிறதோ, அந்த மாதச் சம்பள ஸ்லிப்பில் பி.எஃப். பிடித்தது தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது வெறும் பாக்கி அல்ல, நம்பிக்கை மோசடிக் குற்றமாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 405, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 316. தாமதமாகக் கட்டினால் வட்டியும் அபராதமும் நிர்வாகத்தின் தலையில்.

முதலில் ஆபீஸிலேயே எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லை என்றால் இணையத்தில் பி.எஃப். குறைதீர் தளத்தில் பதியலாம். சேலத்திலேயே மண்டல அலுவலகம் இருக்கிறது. மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டவாரியாக அவர்கள் நடத்தும் முகாமுக்கும் போகலாம். சம்பளப் பட்டியல் போடும் சீட்டிலேயே நீங்கள் இருந்தால் நிலைமை சங்கடம்தான். "இந்த மாத பி.எஃப். செலுத்த வேண்டிய கடைசி நாள் இது" என்று ஒவ்வொரு மாதமும் நோட் போட்டு மேலே அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். கட்டுவது அவர்கள் பொறுப்பு. சொன்னோம் என்று காட்டுவது உங்கள் பொறுப்பு.

இ.எஸ்.ஐ. ஃபேக்டரிக்காரங்களுக்குத்தானே? நமக்கு உண்டா?

உண்டு. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டைத் தமிழ்நாட்டில் 2010இல் தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் விரிவாக்கினார்கள், வழக்கு நடந்தது, சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு அதைச் செல்லும் என்றது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குப் பொருந்தும். உங்களிடம் 0.75 சதவீதம், கல்லூரி 3.25 சதவீதம்.

சம்பளம் இல்லாத விடுப்பு என்று கல்லூரி லாஸ் ஆஃப் பே போட்டுத் தள்ளும் காலத்தில் இதைக் கவனியுங்கள்: நோய்க்கால உதவித்தொகைக்கு ஆறு மாத சந்தா காலத்தில் 78 நாட்களாவது சந்தா சேர்ந்திருக்க வேண்டும். பேறுகாலத்துக்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாட்கள். கல்யாணமாகி அடுத்த வருஷம் குழந்தை என்று யோசிக்கும் தங்கைகள் லாஸ் ஆஃப் பேவுக்குத் தலையாட்டும் முன் நாட்களைக் கூட்டிப் பாருங்கள். 26 வாரச் சம்பளம் இதில் அடங்கியிருக்கிறது.

ஆளுக்கு அஞ்சு அட்மிஷன் கொண்டு வந்தாத்தான் சம்பளமாம். மே மாச வெயில்ல ஊர் ஊரா அலையறோம்.

சம்பளத்துக்கும் அட்மிஷனுக்கும் முடிச்சுப் போட அவர்களுக்கு உரிமை இல்லை. உங்கள் பணி ஆணையில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. ஆனால் வேலைக்காக நீங்கள் போகத்தான் போகிறீர்கள் என்பதால், போகிற இடத்தில் என்ன பேசக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மேச்சேரியிலோ கொளத்தூரிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "ஒரு ரூபாய் கட்ட வேண்டாம்மா, எல்லாம் ஸ்காலர்ஷிப்" என்று சொல்லாதீர்கள். முதல் பட்டதாரிச் சலுகையும் 7.5 சதவீத ஒதுக்கீடும் அரசுக் கலந்தாய்வு வழியாக வந்தால்தான் பொறியியலில் கிடைக்கும். உங்கள் கல்லூரிக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் நேரடியாகச் சேர்த்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இரண்டும் போய்விடும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் தரும் மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் கைச்செலவுக்கு, அதைக் கல்லூரிக் கட்டணத்தில் கழிப்போம் என்று சொல்வதும் பொய்.

பேசிய கட்டணத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம், சீருடை எல்லாம் சேர்த்து. அப்படிக் கொடுத்தால் இரண்டு அட்மிஷன் குறையும், உண்மைதான். ஆனால் அடுத்த நான்கு வருஷம் அதே கவுன்ட்டரில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கப் போவது சேர்மன் இல்லை, நீங்கள்.

ஏற்காட்டுப் பையன் ஒருத்தன். ஸ்காலர்ஷிப் நிக்குது, சாதிச் சான்று இல்லையாம். என்ன பண்ணட்டும்?

சேர்வராயன் மலையிலும் கல்வராயன் பக்கமும் மலையாளி என்ற பழங்குடிச் சமூகப் பிள்ளைகளுக்கு இது வழக்கமாக வரும் சிக்கல். ஆதிதிராவிடர் சான்றிதழைத் தாசில்தார் தருவார். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் நிலையில்தான் தருவார்கள். விசாரணை நடக்கும், நாளாகும். அப்பா, பெரியப்பா வீட்டில் யாருக்காவது ஏற்கெனவே சான்று இருந்தால் அதன் நகல் வேலையை விரைவாக்கும். அட்மிஷன் அன்றே கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், ஸ்காலர்ஷிப் கடைசித் தேதிக்கு முந்தைய வாரம் அல்ல.

சான்று இருந்தும் பணம் வராத பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான் கோளாறு. ஆதார் இணைப்பு பழைய கணக்கில் இருக்கும், பிள்ளை புதுக் கணக்கு எண்ணைக் கொடுத்திருக்கும். யு.எம்.ஐ.எஸ். (கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசுத் தளம்) பதிவில் பெயர் எழுத்து ஆதாரோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

ஃபீஸ் பாக்கியை வசூல் பண்ணுன்னு தினமும் திட்டு. கேட்டா அவங்ககிட்டயும் காசு இல்ல. எப்படித்தான் கேக்கறது?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் மணிக்கணக்கில் பேசுவேன். நிர்வாகம் செமஸ்டர் தேதியைப் பார்க்கிறது. நீங்கள் வீட்டில் காசு புழங்கும் நாளைப் பாருங்கள். வாழப்பாடி, கெங்கவல்லிப் பக்கம் மரவள்ளி வெட்டி, சேகோ ஆலைக்கு லோடு போய், பணம் கைக்கு வந்த வாரத்தில் கேட்டால் மொத்தமாகக் கட்டுவார்கள். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கும், எஸ்டேட் கூலி வீடுகளில் அந்த மூன்று மாதம்தான் கை கொஞ்சம் தாராளம். எடப்பாடி, ஜலகண்டாபுரம் தறிக்காரர்களுக்கு வாரக்கூலி, அவர்களிடம் 25,000 ஒரே தடவையில் கேட்பதில் அர்த்தமே இல்லை, மாதம் இவ்வளவு என்று பிரித்துக்கொடுங்கள். சங்ககிரி லாரி டிரைவர் வீட்டில் ஆள் டிரிப் முடிந்து ஊருக்கு வந்தால்தான் பேச்சு. சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கு வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறையும். பேப்பரில் வெள்ளி விலையைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

ஆடி மாதத்தில், கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரத்தில், சேலம் டவுனுக்குள் யாரிடமும் கேட்காதீர்கள். கேட்டாலும் வராது, கேட்டதற்காக வருத்தமும் மிஞ்சும்.

தவணை ஒப்புக்கொண்டால் பிரின்சிபால் ஒப்புதலோடு எழுதி, ஒரு பிரதி அப்பா கையில். வகுப்புக்குப் போய் எல்லார் முன்னாலும் ட்யூ லிஸ்ட் வாசிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அப்படி வாசித்து வசூலான தொகையை நான் பார்த்ததில்லை. காலேஜுக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகளைத்தான் பார்த்திருக்கிறேன்.

பாக்கி கட்டற வரைக்கும் டி.சி., மார்க் ஷீட் குடுக்காதேங்கறாங்க. பசங்க என்கிட்ட வந்து அழறாங்க.

மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018 அக்டோபர் அறிவிப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரிக்கு நகல் போதும். கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கட்டணப் பாக்கியை வசூலிக்க நிர்வாகத்துக்கு வேறு வழிகள் உண்டு.

நீங்கள் செய்யக்கூடியது: பிள்ளையிடம் எழுத்தில் விண்ணப்பம் வாங்கி, தேதி முத்திரை போட்டு, ஒப்புகை கொடுங்கள். பிறகு மேலே அனுப்புங்கள். மறுப்பதானால் நிர்வாகம் எழுத்தில் மறுக்கட்டும். எழுத்தில் மறுக்கச் சொன்னால் பாதிக்குப் பாதி சான்றிதழ்கள் அன்றைக்கே கொடுக்கப்பட்டுவிடும். பிள்ளைகளுக்கு ஆட்சியர் அலுவலகத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தைச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். நான் சொல்லியிருக்கிறேன்.

ஒரு பொண்ணு சேர்ந்து பதினஞ்சு நாள்ல வேற காலேஜ் போறா. கட்டின பணம் திரும்பத் தரணுமா?

தர வேண்டும். மேலே சொன்ன அதே 2018 அறிவிப்பில் அளவு இருக்கிறது. சேர்க்கைக் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு விலகினால் 100 சதவீதம் (5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் கழிக்கலாம்). கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90. கடைசித் தேதிக்குப் பின் 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50. அதற்கு மேல் இல்லை. நாள் எண்ணுவது அவள் சேர்ந்த தேதியிலிருந்து அல்ல, சேர்க்கைக் கடைசித் தேதியிலிருந்து. கவுன்ட்டரில் இதில்தான் தகராறு வரும்.

சில ஆண்டுகளில் இன்னும் தாராளமான தனி அறிவிப்பு வரும். 2024-25க்கு செப்டம்பர் 30 வரை முழுத் தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய் மட்டும் கழித்து மீதி என்று யு.ஜி.சி. சொன்னது. அந்தந்த ஆண்டு சுற்றறிக்கையை அச்சிட்டு கவுன்ட்டரிலேயே ஒட்டிவிடுங்கள்.

எக்ஸாம் ஃபீஸ் கலெக்‌ஷனை எடுத்து சம்பளம் போட்டுடலாம், அப்புறம் யுனிவர்சிட்டிக்குக் கட்டிக்கலாம்ங்கறாங்க. நமக்கும் சம்பளம் வருமே?

வேண்டாம். தேர்வுக் கட்டணம் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய, பிள்ளைகள் கொடுத்த பணம். கல்லூரி அதில் ஒரு குழாய் மட்டுமே. கடைசித் தேதிக்குள் கட்டாமல் போனால் ஹால் டிக்கெட் வராது. பிள்ளைகள் வந்து நிற்பது ரசீதில் கையெழுத்துப் போட்ட உங்கள் முன்னால். தேர்வுக் கட்டணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைக்கச் சொல்லி நோட் போடுங்கள், பணம் அன்றன்றே அதில் விழட்டும்.

"பாதிக்கு ரசீது போடு, மீதியை அப்படியே கொடுத்துவிடு" என்று சொன்னாலும் இதே பதில். நன்கொடைக் கட்டணத்தைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1992லிருந்து இருக்கிறது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. ரசீது இல்லாத பணத்தை எண்ணுவதுகூட உங்கள் வேலை இல்லை.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு, இங்க வேலை பாக்காதவங்க பேரையெல்லாம் சம்பளப் பட்டியல்ல ஏத்தச் சொல்றாங்க.

2024இல் ஒரே ஆசிரியரைப் பல பொறியியல் கல்லூரிகள் தங்கள் ஆசிரியராகக் காட்டிய விவகாரம் வெளியே வந்து தமிழ்நாடே பேசியது. அப்படிப்பட்ட பட்டியலைத் தட்டச்சு செய்தவர் யாரோ ஒரு ஆபீஸ் ஊழியர்தான். "இவர்கள் சேர்ந்ததற்கான ஜாயினிங் ரிப்போர்ட் எனக்கு வரவில்லை, வந்ததும் ஏற்றுகிறேன்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் வாதாடத் தேவையில்லை.

என் சர்டிபிகேட் எல்லாம் ஆபீஸ் பீரோவுலயே இருக்கு. விட்டா குடுக்க மாட்டாங்கன்னு பயம்.

மாணவருக்குச் சொன்ன அதே நியாயம்தான் உங்களுக்கும். வேலை தேடுவதற்கு முன்பே, சண்டை ஏதும் இல்லாத ஒரு நாளில், "வங்கிக் கடனுக்கு அசல் கேட்கிறார்கள்" என்பது போன்ற காரணத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ராஜினாமாக் கடிதத்தோடு சேர்த்துக் கேட்டால் இரண்டுக்கும் பேரம் நடக்கும். தராவிட்டால் பதிவுத் தபாலில் கேளுங்கள், பிறகு வக்கீல் நோட்டீஸ். பெரும்பாலும் நோட்டீஸ் வரைகூடப் போவதில்லை.

எட்டு வருஷம் ஆச்சு. கிராஜுவிட்டி காலேஜ்காரங்களுக்கு கிடையாதுங்கறாரு எங்க நிர்வாக அதிகாரி. நிஜமா?

1997லிருந்து கல்வி நிறுவனங்களுக்கு உண்டு. ஆபீஸ் ஊழியர் விஷயத்தில் குழப்பமே இருந்ததில்லை. ஆசிரியர் விஷயத்தில்தான் வழக்கு நடந்து, 2009இல் சட்டம் திருத்தப்பட்டு, 2022இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கணக்கு: கடைசிச் சம்பளம் × 15 ÷ 26 × வருஷம். 15,000 ரூபாயில் 8 வருஷம் என்றால் 69,231 ரூபாய்.

நிரந்தரப் பணியாளருக்கு 5 வருஷம் முடிய வேண்டும். நான்கு வருஷம் முடிந்து ஐந்தாம் வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் சொன்னது. அது மேட்டூர் பியர்ட்செல் நிறுவனத்தின் வழக்கு. ஐந்து வருஷம் ஆக இரண்டு மாதம் இருக்கும்போது உங்களை அவசரமாக அனுப்பப் பார்த்தால் நாட்களை எண்ணிவிட்டுப் பேசுங்கள். தரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம், அங்கே வக்கீல் இல்லாமலே நடத்தியவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த வருஷம் ஃபர்ஸ்ட் இயர் சேர்க்க மாட்டாங்களாம். மூடிடுவாங்களா? ஆபீஸ்ல யாரு இருப்போம்?

அது படிப்படியான மூடல். புதுச் சேர்க்கை நிற்கும், இருக்கும் பிள்ளைகள் படித்து முடிக்கும் வரை கல்லூரி நடக்கும். மூன்று வருஷம்கூட ஆகலாம். வாத்தியார்கள் ஒவ்வொருவராகக் குறைவார்கள். ஆபீஸில் ஒருவராவது கடைசி நாள் வரை வேண்டும், ஏனென்றால் அரியர் வைத்த பிள்ளைகள் கடைசி பேட்ச் போன பின்னும் வந்துகொண்டே இருப்பார்கள். உங்களைக் கடைசி ஆளாக இருக்கச் சொன்னால், எவ்வளவு காலம், எவ்வளவு சம்பளம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு இருங்கள். அந்த நேரத்தில் பேரம் பேசும் பலம் உங்களிடம்தான்.

யு.ஏ.என். கணக்கில் கே.ஒய்.சி. முழுதாக இருக்கிறதா, வேலையில் சேர்ந்த தேதி சரியா, பெயரில் இனிஷியல் பிழை இருக்கிறதா என்று கல்லூரி உயிரோடு இருக்கும்போதே திருத்திவிடுங்கள். மூடிய பிறகு அனுமதி கொடுக்க ஆள் தேடி அலைய வேண்டும்.

நான் விட்டுட்டுப் போன பிறகு ஏதாவது காணோம்னு என்னைக் கூப்பிட்டா?

கூப்பிடுவார்கள். அட்மிஷன் ரிஜிஸ்டர், டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டைகள், ரசீதுப் புத்தகங்களின் எண் வரிசை, பயன்படுத்தாத ரசீதுகள், கேஷ் புக் கடைசி இருப்பு, பீரோ சாவிகள், போர்ட்டல் பாஸ்வேர்டுகள் என்று எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, வாங்குபவர் பெயர், தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி, மாற்றியாயிற்று என்றும் எழுதி வாங்குங்கள். உங்கள் போன் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும்படி பதிந்திருந்தால் அதையும் மாற்றாமல் கிளம்பாதீர்கள். முதல் கேள்வியில் சொன்ன ஆபீஸ் ஆர்டர் கையில் இருந்தால் இந்தப் பட்டியல் போடுவது அரை நாள் வேலை.